ரெண்டு தட்டு

கடற்கரையிலிருந்து நீச்சல் தொடங்கும்போது ஓடக் கூடாது. நான் முதலில் சொல்வது இதைத்தான், பரமசிவன் அண்ணாச்சி. விசில் ஊதியதும் எல்லோரும் கல்யாண வீட்டில் முதல் பந்திக்குப் பாய்வதுபோலப் பாய்வார்கள். பாயட்டும். முழங்கால் அளவுத் தண்ணீர் வந்ததும் ஓட்டம் நின்றுவிடும், இரைப்பு மட்டும் நிற்காது. நடந்து போகிறவன் பத்தடி பின்னால் இருப்பான். ஆனால் அவனிடம் நெஞ்சு நிறைய மூச்சு இருக்கும்.

உங்கள் சங்கம் மணப்பாட்டில் நடத்தப் போகிற, நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடி முடிக்கிற டிரையத்லானுக்குக் கையேடு ஒன்று போடுவதாகவும், கடலில் இறங்குவது பற்றி நான் இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். கோப்பைக்கு விஜயராஜ் பெயர் வைத்து அவன் அம்மா வேலுத்தாய் சித்தி கையால் கொடுப்பது என்றும், மேடையில் சித்தி பக்கத்தில் நான் நிற்க வேண்டும் என்றும் சொன்னீர்கள். எழுதுகிறேன். இரண்டு பக்கத்தைத் தாண்டிப் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்து ஆட்களுக்குக் கடல் பழக்கம் கிடையாது. நானும் விஜயராஜும் நீச்சல் படித்தது எப்போதும்வென்றான் ஊரில் அவன் அப்பா வன்னியபெருமாள் சித்தப்பாவின் தோட்டத்துக் கிணற்றில். கிணற்றில் அலை இல்லை, கூட்டம் இல்லை, எந்தப் பக்கம் போனாலும் எட்டுக் கையில் சுவர் வந்துவிடும். அதனால் நாங்களாக ஒரு வழி கண்டுபிடித்தோம். ஐப்பசி மழை பெய்து முடிந்ததும் உழுத கரிசலில் இறங்கி ஓடுவோம். சேறு காலைக் கவ்வும். முழங்காலை இடுப்பு வரை தூக்கி வைத்தால்தான் அடுத்த அடி. அலைத் தண்ணீரில் ஓடுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி எந்த ஊரிலும் கிடையாது. வேலுத்தாய் சித்தி வரப்பில் நின்று, "ஏலே, ரெண்டு பேரும் எதத் தொலைச்சிட்டு இந்தச் சகதிக்குள்ள தேடுதிய?" என்று கேட்டுச் சிரிப்பாள். பிறகு எங்கள் இருவர் காலுக்கும் அவளே தண்ணீர் ஊற்றுவாள்.

இரண்டாவது, அலை. உடைகிற அலையை நெஞ்சில் வாங்கக் கூடாது. அதற்கு அடியில் முங்கி, அடிமண்ணை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு கிடக்க வேண்டும். அலை முதுகுக்கு மேலே போய்விடும். பிறகு காலை ஊன்றி எம்பினால் மூன்று கை தூரம் முன்னால் வரலாம். மண்ணைப் பற்றிக் கிடக்கும் அந்த நேரத்தில் கால் இரண்டும் பின்னால் சும்மா நீண்டு கிடக்கும். பின்னால் வருகிறவனுக்கு அது கைக்கெட்டும் தூரம். வேண்டுமென்று இல்லாவிட்டாலும் யாராவது பிடித்துவிடுவார்கள். பிடித்தால் உடனே உதைக்க வேண்டும். யார், என்ன என்று யோசிக்கக் கூடாது. இதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

மூன்றாவது, மூச்சுக் கணக்கு. கிணற்றில் விஜயராஜ் அறுபது எண்ணும் வரை முங்கிக் கிடப்பான். நாங்கள் கலந்துகொண்ட போட்டிக்கு முந்தின நாள் மணப்பாட்டுக்குப் போய், இருவரும் மணலில் ஓடி வந்து அலைக்குள் முங்கிப் பார்த்தோம். பன்னிரண்டு எண்ணுவதற்குள் அவன் தலையைத் தூக்கிவிட்டான். இருமிக்கொண்டே சிரித்தான். "அண்ணே, கெணத்துல அறுவது. இங்கன பன்னண்டுக்கே நாக்கு தள்ளுது" என்றான். ஓடி வந்தவன் பன்னிரண்டுக்கு மேல் தாங்க மாட்டான் என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. இதை இங்கே ஏன் எழுதுகிறேன் என்பது உங்களுக்குப் போகப் போகப் புரியும்.

அது இரண்டாயிரத்து ஒன்று, செப்டம்பர். எனக்கு இருபத்து நாலு வயது. அந்தப் போட்டியில் நம் மாவட்டத்தில் முதலாவதாக வருகிற ஒருவனுக்குத்தான் மாநில அணியில் இடம். அணியில் சேர்ந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேக்கு எழுதிப் போடலாம், ஆனால் இருபத்தைந்து முடிவதற்குள் போட வேண்டும். நான் அப்போது கோவில்பட்டியில் ஒரு நூல் மில்லில் மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கைப் பெருவிரலை அங்கே ஒரு மிஷின் வளைத்துவிட்டிருந்தது. விஜயராஜுக்கு இருபது. அவனுக்கு இன்னும் நாலைந்து போட்டி இருந்தது, எனக்கு அது ஒன்றுதான். இந்தக் கணக்கில் இன்றைக்கும் எனக்குத் தப்புத் தெரியவில்லை. வெட்கம் எல்லாம் அதற்குப் பிறகு நடந்ததில்தான்.

அவன் என்னைவிட நல்ல நீச்சல்காரன். சைக்கிளிலும் ஓட்டத்திலும் நான் கொஞ்சம் மேல். நீச்சலில் அவன் நாலு நிமிஷம் முந்திவிட்டால் பிறகு பிடிக்க முடியாது. அதனால் அவன் நாலு நிமிஷம் பிந்தினால் போதும் என்று நினைத்தேன். கொஞ்சம் தண்ணீர் குடித்து, இருமி, கரைக்குத் திரும்பி, மறுபடி இறங்கினால் நாலு நிமிஷம் ஆகிவிடும்.

இங்கே எங்கள் கிணற்று விளையாட்டு ஒன்றைச் சொல்ல வேண்டும். முங்கு பிடி என்று பெயர். ஒருவன் தண்ணீருக்கு அடியில் இன்னொருவன் காலைப் பிடித்துக்கொள்வான். பிடிபட்டவன் தம் கட்டுவான். முடியாதபோது குனிந்து, பிடித்தவன் மணிக்கட்டில் இரண்டு தட்டுத் தட்டுவான். தட்டினால் விட்டுவிட வேண்டும், அடுத்த பேச்சே கிடையாது. தட்டிய பிறகும் விடாதவனை அப்புறம் அந்தக் கிணற்றில் யாரும் சேர்க்க மாட்டார்கள். பிடிபட்டவனுக்கும் ஒரு விதி உண்டு, உதைக்கக் கூடாது. உதைத்தால் பிடித்தவன் பல் போய்விடும். தண்ணீருக்கடியில் எவன் பிடித்தாலும் விஜயராஜ் ஆளைச் சொல்லிவிடுவான். என் பிடி அவனுக்கு ரொம்பச் சுலபம். வளைந்த பெருவிரல் காட்டிக் கொடுத்துவிடும்.

அன்று காலை நாற்பத்து மூன்று பேர் மணலில் நின்றோம். விஜயராஜ் அலையைப் பார்த்துக்கொண்டே என்னிடம், "அண்ணே, நீங்க எம் பின்னாலயே வாங்க. எனக்கு ஒண்ணுன்னா நீங்க இருக்கீயல்ல" என்றான். சரி என்றேன். விசில் ஊதியது. அவன் ஓடினான். நான் நடந்தேன்.

மூன்றாவது அலையில் கழுத்தளவுத் தண்ணீர், அதற்குள் நான் அவனை நெருங்கிவிட்டேன். அவன் முங்கினான். நானும் முங்கினேன். மணல் கலங்கி ஒன்றும் தெரியவில்லை. கையை நீட்டினேன், கணுக்கால் கிடைத்தது. பிடித்து அடிமண்ணோடு அழுத்திக்கொண்டு எண்ணத் தொடங்கினேன். பத்தோடு விட்டுவிடுவது என்று திட்டம்.

அவன் உதைக்கவில்லை. உதைத்திருந்தால் ஒரே உதையில் விடுபட்டிருப்பான், என் பிடி அப்படியொன்றும் பலமில்லை. எட்டு எண்ணும்போது குனிந்து வந்து என் மணிக்கட்டில் இரண்டு தட்டுத் தட்டினான். தட்டிவிட்டுக் காத்திருந்தான்.

பதினைந்தில்தான் உதைக்கத் தொடங்கினான். அந்த உதையில் பலம் இல்லை. இருபத்திரண்டில் விட்டேன். அப்போது கால் அசையவில்லை. அடுத்த அலை வந்தது, நான் அதற்கடியில் முங்கி எம்பி மேலே வந்து நீந்தினேன். காவலுக்கு விட்ட படகு தூரத்தில் மிதவைப் பக்கம் நின்றது. கரையோர அலையைப் பார்க்க யாரும் இல்லை. உங்கள் போட்டியில் அலை உடைகிற இடத்தில் தலை எண்ணுவதற்கென்று ஓர் ஆளை நிறுத்துங்கள்.

கரையேறி வந்தபோது சைக்கிள் நிறுத்தத்தில் என் சைக்கிளோடு ஒட்டி அவன் சைக்கிள் நின்றது. அதைத் தள்ளாமல் என்னுடையதை எடுக்க முடியாது. தள்ளி, ஸ்டாண்டு போட்டு நேராக நிறுத்திவிட்டு எடுத்தேன். அந்த நேரத்தில் யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சைக்கிளை மிதித்தேன், பிறகு ஓடினேன், மாவட்டத்தில் முதலாவது வந்தேன். அவன் ஹேண்டில்பாரில் ஒரு மஞ்சள் பை தொங்கியது. போட்டி முடிந்ததும் இருவரும் தின்னச் சொல்லிச் சித்தி கடம்பூர் போளி வாங்கிக் கொடுத்திருந்தாள். எனக்கு நல்ல பசி. ஒன்றை எடுத்துத் தின்றேன். பாதி தின்றபோதுதான் கரையில் சத்தம் கேட்டது. ஏழு வருஷமாக நான் அதிகம் கூசுவது அந்தப் போளியை நினைத்துத்தான். அது ஏன் என்று இத்தனை நாள் நான் கேட்டுக்கொண்டதில்லை. போளிக்காக வெட்கப்பட்டுக்கொண்டே இருந்தால் மற்றதற்கு நேரம் இருக்காதல்லவா, அதனால்தான் என்று இப்போது எழுதும்போது தெரிகிறது.

கடல் பழகாத பையன், அலை அடித்துவிட்டது என்று போலீசில் எழுதி முடித்தார்கள். சித்தப்பா கிணற்றைச் சுற்றி முள்ளை வெட்டிப் போட்டுவிட்டார். எனக்கு வேலை கிடைத்தது. இன்று கோவில்பட்டி ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறேன்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போக சித்தி மாதம் ஒருமுறை என் கவுண்டருக்கு வருவாள். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே நின்று ஒன்றே ஒன்று கேட்பாள். "ஏய்யா செல்லத்துரை, நீ பின்னாலதானய்யா போன. கடைசியில எம்புள்ள யாரையாச்சும் கூப்புட்டானா?" கூப்பிட்டு யாரும் வராமல் போய்விட்டார்களோ என்பதுதான் அவள் பயம். "இல்ல சித்தி, கூப்புடல" என்பேன். அவளுக்கு அதில் ஓர் ஆறுதல் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அவள் தலையாட்டிவிட்டு ரயிலுக்குப் போவாள்.

பத்தோடு விடத்தான் நினைத்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிடுங்கள், அண்ணாச்சி. தட்டு விழுந்தது எட்டில். பத்து வந்ததும் எனக்குத் தெரியும், பன்னிரண்டு வந்ததும் தெரியும். ஓர் எண்ணைக்கூடத் தவறவிடாமல் எண்ணினேன்.

மேடைக்கு நான் வரவில்லை. இந்தக் காகிதத்தை எங்கே கொடுக்க வேண்டுமோ அங்கே கொடுங்கள், நான் கவுண்டரில்தான் இருப்பேன். ஆனால் அதற்கு முன்னால் சித்திக்கு ஒருமுறை படித்துக் காட்டுங்கள். அவள் கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. கூப்பிட்டான் சித்தி. ரெண்டு தட்டு. என்னைத்தான் கூப்பிட்டான்.