இருபத்திரண்டு டிகிரியில் ஒரு ஃபைட்டர் மீன்

ஃபைட்டர் மீனைத் தனியாகத்தான் வளர்க்க வேண்டும் என்று கடைக்காரர்கள் சொல்வது பாதிதான் உண்மை. உள்ளே வந்ததும் நீங்கள் தொட்டியைத்தான் முதலில் பார்த்தீர்கள் இன்ஸ்பெக்டர் மேடம், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். என் மனைவி எப்படி இறந்தாள் என்ற உங்கள் கேள்விக்கும் அந்த வழியாக வந்து சேருவதுதான் எனக்கு எளிது.

அந்தச் சிவப்பு மீன்தான் ஃபைட்டர். ஒரு தொட்டிக்கு ஓர் ஆண்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் வேறு இனங்களோடு அது வாழும், யாரோடு என்று தெரிந்து சேர்த்தால். கப்பி கூடாது. கப்பியின் வால் அகலமாகப் பளபளக்கும். ஃபைட்டர் அதை இன்னொரு ஃபைட்டர் என்று நினைத்துக் கிழித்துவிடும். எனக்கு மூன்று கப்பி அப்படிப் போயின. நியான் டெட்ரா சரிவரும். சின்னது, வேகமானது, கூட்டமாகவே திரியும். கீழே மணலைக் கிளறுகிறதே, அது கோரி. அது மேலே வந்து யார் வழியிலும் நிற்காது.

அப்படியும் இந்த ஃபைட்டர் டெட்ராக்களைத் துரத்தியது. பத்து நாள் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பார்த்தேன். பிறகுதான் பிடிபட்டது. இந்த மீனுக்கு இருபத்தேழு டிகிரி சூடு வேண்டும். ஹீட்டரை அணைத்து, உறைய வைத்த தண்ணீர் பாட்டிலை மிதக்கவிட்டு இருபத்திரண்டில் நிறுத்தினால் டெட்ராவுக்கும் கோரிக்கும் ஒன்றும் ஆகாது. ஃபைட்டர் மட்டும் சோர்ந்துவிடும். இலைமேல் படுத்திருக்கும். அதற்குக் காற்றை நேராக எடுக்கும் உறுப்பு உண்டு, அதனால் அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்று வாங்கிக்கொண்டு திரும்பப் படுக்கும். யாரையும் துரத்தாது. உடனே சாகவும் சாகாது.

தொட்டியை வாங்கியது அமுதவல்லிக்காக. இதய பலவீனம் வந்த பிறகு அவளால் வாசல் தாண்ட முடியவில்லை. கட்டிலில் சாய்ந்தபடி மீனைப் பார்ப்பாள்.

"என்னாங்க இது, இன்னிக்கும் படுத்தே கெடக்குது?"

"அதுக்கு இங்க புடிச்சிருக்கு."

"புடிச்சிருந்தா ஓடியாடி திரியாதா? ஒடம்புக்கு முடியலபோல" என்பாள்.

இந்த வீட்டைப் பார்த்திருப்பீர்கள். மூன்று பக்கமும் உப்புப் பாத்தி, ஒரு பக்கம் உப்பங்கழி. நான் இந்த உப்பளத்தில் முப்பத்தோரு வருடமாகத் தண்ணீர் பார்க்கிறேன். கடல் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி முற்றவிடும் வேலை. அதன் அடர்த்தியையும் நாங்கள் டிகிரி என்றுதான் சொல்வோம். மூன்றில் உள்ளே வருவது இருபத்தைந்தில் உப்பாகப் பூக்கும். இருபத்தொன்பதைத் தாண்டினால் மிச்சம் இருப்பது கசப்புத் தண்ணீர், அதைத் திறந்துவிட வேண்டும். மழைக்காலத்தில் உப்பளம் முழுகிக் கிடக்கும். ஆள் வராது. அந்த மூன்று மாதமும் என்னிடம் பேசுகிற ஒரே குரல் அவளுடையது. அவள் சும்மா இருமினால்கூடப் போதும், வீட்டில் ஆள் இருக்கிறது என்று தெரியும்.

எங்கள் மகள் சங்கீதா தாம்பரத்தில் இருக்கிறாள். அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அமுதவல்லியும் சரி என்றுவிட்டாள். கால் வீக்கம் வடிந்ததும் கிளம்புவதாகப் பேச்சு. என்னை வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

மருத்துவர் உப்பை நிறுத்தச் சொல்லி, மருந்துக் கடையில் விற்கும் மாற்று உப்பை ஒரு சிட்டிகை சேர்க்கலாம் என்றார். காரணத்தை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். உப்பு எங்கே தங்குகிறதோ அங்கே தண்ணீரும் தங்கும். பலவீனமான இதயத்தால் அதை இறைத்து வெளியே தள்ள முடியாது. முதலில் காலில் இறங்கும், பிறகு நுரையீரலில் ஏறும். பெருவிரலால் கணுக்காலை அழுத்திப் பார்த்தால் குழி விழும். குழி நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணினால் உள்ளே எவ்வளவு நீர் என்று ஊகிக்கலாம். நான் தினமும் கால் பிடித்துவிடும்போது எண்ணுவேன்.

உப்பை நிறுத்திய மூன்றாம் வாரத்தில் குழியே விழவில்லை. சங்கீதா தேதி குறித்தாள்.

மாற்று உப்பு லேசாகக் கசக்கும். எங்கள் மேலப்பாத்தியில் போன பருவக் கடைசியில் கசப்புத் தண்ணீரைத் திறந்துவிடாமல் வாரிய உப்பு கொஞ்சம் இருந்தது. அதுவும் கசக்கும். அதை மிக்சியில் மாவாக அரைத்து மருந்துக் கடைப் பாக்கெட்டில் நிரப்பினேன். பாத்தியில் தண்ணீரை முற்றவிடுவதைப் போலவே, நாளுக்கு ஒரு சிட்டிகையாகக் கூட்டினேன். நாக்கு பழகிவிடும். ஒரே ஒருமுறை கேட்டாள்.

"ஏங்க, கஞ்சி கரிக்குதே?"

"மருந்துக்கட உப்பு அப்படித்தான் இருக்கும்."

"உப்பளத்துக்காரரு பொண்டாட்டிக்குக் கடையில உப்பு வாங்குறாரு. ஊரே சிரிக்கப்போவுது" என்று சொல்லிவிட்டு முழுவதும் குடித்தாள்.

நான் உப்பில்லாத சோற்றைச் சாப்பிட்டேன். அவள் பார்க்க அப்படிச் சாப்பிட்டால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும். நீர் பிரியும் மாத்திரையை ஒரு வேளையும் தவறவிடவில்லை. அவளைக் கொல்ல வேண்டும் என்றால் மாத்திரையை நிறுத்தியிருப்பேனே.

வீக்கம் திரும்பியது. பயணம் தள்ளிப்போனது. வடிய விட்டேன், மறுபடி தேதி வந்தது, மறுபடி கூட்டினேன். இரண்டு முறை இப்படி நடந்தது.

நான் செய்த தவறு ஒன்றுதான். எங்கள் உப்பளத்தில் உப்பு வாரும் மேரிசெல்வியை நினைக்காமல் போனேன். அமுதவல்லி இறந்த மூன்றாம் நாள், அழுது ஓய்ந்திருந்த சங்கீதாவுக்கு மோர் கரைக்க அவள் அடுப்படிக்குப் போனாள். கைக்குக் கிடைத்த பாக்கெட்டிலிருந்து கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறாள்.

"அண்ணே, இது நம்ம மேலப்பாத்தி உப்பாச்சே" என்றாள். "கசப்புத்தண்ணிய தெறந்து வுடாம வாருனது. நான்தானே வாருனேன்."

"மருந்துக்கட உப்பும் கசக்கும் மேரி" என்றேன்.

"கசக்கட்டும். இது கசக்கறது எப்டின்னு எனக்குத் தெரியாதா? இருவது வருசமா இதுலதான கைய வுட்டுனு இருக்கேன். அண்ணிக்கு இதத்தான் போட்டீங்களா?"

சங்கீதா அப்போது எழுந்து வந்து என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் என்னை அப்பா என்று கூப்பிடவில்லை.

இனி, அவள் இறந்த அந்தச் சனிக்கிழமை. மூன்றாவது முறை குறித்த தேதியைத் தள்ளிப்போட சங்கீதா ஒப்புக்கொள்ளவில்லை. புதன்கிழமை அவள் பேசியபோது ஃபோனை ஸ்பீக்கரில் வைத்திருந்தாள் அமுதவல்லி. "வீக்கம் வத்தலன்னாலும் பரவால்லம்மா. நாயித்துக்கெழம கார் வருது, ஏறிக்க. இங்க பெரிய ஆஸ்பத்திரியில காட்டிக்கலாம்" என்றாள் மகள். அமுதவல்லி ஒரு பையில் நான்கு புடவையை எடுத்து வைத்தாள். ஐந்தாவதை எடுக்கக் குனிந்தபோது மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். அந்த நான்கு புடவையை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளிடம் இருந்த நல்ல புடவையே ஐந்துதான், திரும்பி வருகிறவள் எடுக்கிற அளவில் அது இல்லை.

காரில் உட்கார முடியாத அளவுக்கு இருந்தால் போதும் என்று கணக்கிட்டேன். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் சிட்டிகையை விட்டுக் கரண்டியால் போட்டேன். குழி நிரம்ப முப்பது நொடிக்கு மேல் ஆனது. அந்த எண்ணிக்கைக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லமாட்டேன்.

சனிக்கிழமை மதியம் ஒன்றே காலுக்கு மூச்சுத் திணறல் வந்தது. தண்ணீர் மேலே ஏறிவிட்டது என்று சத்தத்திலேயே தெரிந்தது. ஆம்புலன்ஸ் மரக்காணத்திலிருந்து பன்னிரண்டு நிமிடத்தில் வந்துவிடும். ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அங்கிருந்தே சங்கீதா அழைத்துப் போய்விடுவாள். கட்டிலில் அமுதவல்லியின் பின்னால் உட்கார்ந்து அவளை நிமிர்த்திச் சாய்த்துக்கொண்டேன். நிமிர்ந்து இருந்தால் நுரையீரலுக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

"ஃபோன் பண்ணுங்க" என்றாள்.

"பண்ணிட்டேன், வந்துனே இருக்காங்க" என்றேன்.

நான் அழைத்தது இரண்டு மணிக்கு. உங்களிடம் அந்தப் பதிவு இருக்கிறது, ஆகவே அதை ஒப்புக்கொள்வதில் பெருமை ஏதும் இல்லை. அந்த முக்கால் மணி நேரமும் அவள் என் கையை விடவில்லை. கல்யாணமான இந்த முப்பத்து நான்கு வருடத்தில் அவள் அவ்வளவு இறுக்கமாகப் பிடித்ததில்லை.

உப்பு, கரண்டி, முக்கால் மணி நேரம், எல்லாவற்றையும் நான் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். சங்கீதா சொல்வதில் ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். நான் அவளைப் பிடித்து வைத்திருந்ததாகச் சொல்கிறாள். அப்படி இல்லை மேடம். அமுதவல்லி கடைசிவரை என்னோடு இருந்தது அவளாக விரும்பித்தான்.