ஒரு நாள் முந்திய கணினி

தேங்காய்ப்பட்டணத்தில் எங்கள் இன்டர்நெட் கடையில் மின்விசிறிக்கு நேர் கீழே ஒரே ஒரு நாற்காலிதான் உண்டு. அதில் நான் ஷிபா அக்காவை மட்டும் உட்கார வைப்பேன். ஜெனித் அண்ணா, வியர்த்தால் அவளுக்கு, உங்கள் அண்ணிக்கு, தலைவலி வரும். உங்களுக்கு அது தெரியுமோ என்னவோ.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு இங்கே வேலைக்கு வந்தவள் நான். வருகிறவர்கள் திரையைப் பார்த்துத்தான் பேசுவார்கள். அக்காதான் என் பெயரைக் கேட்டாள். அவள் வீட்டுக்காரர், உங்கள் லிபின் அண்ணன், மஸ்கட் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், போய்ப் பார்க்க விசா வேண்டும் என்றாள். அன்று நிஜமாகவே விசா சைட் வேலை செய்யாமல் படுத்துவிட்டது. மறுநாள் மரச்சீனிக்கிழங்கும் சாளை மீன்கறியும் கொண்டுவந்தாள். ஒரே பாத்திரத்தில் தின்றோம். விண்ணப்பம் போய்விட்டால் அவள் மறுபடி வர ஒரு காரணமும் இல்லை.

உள்ளே நுழைந்ததும் சைட் நமக்கு ஒரு சீட்டு தரும். குக்கி என்பார்கள். எந்தத் தேதி, எந்த மணிவரை செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். அதைக் காட்டினால்தான் அடுத்த பக்கம் திறக்கும். கணினியின் தேதியை ஒரு நாள் கூட்டி, நாளைய தேதியாக வைத்தேன், அவ்வளவுதான். சீட்டு கைக்கு வரும்போதே காலாவதியாகியிருக்கும். சைட் மறுபடி பெயர் கேட்கும்.

"ஏட்டி ரெஜிஷா, மோட்சத்து வாசல்ல பேதுரு கூட இத்தன தடவ பேரு கேக்கமாட்டாரு" என்பாள் அக்கா. இருவரும் சிரிப்போம்.

"வேற கடையில போட்டுப் பாக்கட்டா?"

"வேண்டாம்க்கா. பாதி இந்த மெஷின்லதான் கிடக்கு. வேற எங்கயாவது தொட்டா ரத்தாயிரும்."

பெங்களூரிலிருந்து நீங்களும் போனில் சொன்னீர்கள், குக்கியை அழி, பிரவுசரை மாற்று என்று. எல்லாம் செய்தேன். தேதியைப் பார் என்று நீங்கள் சொல்லவில்லை. நானே இங்கிருந்து போட்டுவிடுகிறேன் என்றும் சொல்லவில்லை.

ஒருமுறை லிபின் அண்ணன் அவளைப் போனில் கூப்பிட்டார். "வருவியா ஷிபா?" குரல் மெலிந்திருந்தது. "சைட்டு விடல்ல. நாளைக்கு" என்றாள். அவளுக்கு வியர்த்தது. நான் விசிறியைக் கூட்டி வைத்தேன்.

அவர் இறந்த செய்தி வந்தபோதும் அவள் அந்த நாற்காலியில்தான் இருந்தாள். உடலைக் கொண்டுவர வேண்டிய விண்ணப்பங்களை நானே நிரப்பினேன். அப்போது தேதியைச் சரியாக வைத்துக்கொண்டேன். எல்லாம் ஒரே தடவையில் போயிற்று. அக்கா என் தோளில் முகம் புதைத்து, "இனி எனக்கு யாருட்டி இருக்கா?" என்று அழுதாள். யாரும் என்னிடம் அப்படி அழுததில்லை.

அடக்கம் முடிந்ததும் கணினியைத் தோண்டிப் பார்த்து, தேதியை மாற்றியது யார் என்று கேட்கிறீர்கள். நான்தான். ஆனால் நீங்கள் எல்லோரும் அவளை விட்டுவிட்டு எங்கெங்கோ இருந்தீர்கள். நான் ஒரு நாள்கூட அவளைத் தனியாக விட்டதில்லை.