இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி

இந்த நாற்காலி ஆடுகிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. ஒரு காலுக்கு அடியில் காகிதத்தை மடித்து வைத்தால் சரியாகிவிடும். எனக்கு எதையும் சரிசெய்கிற கை. மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் எங்கள் அலுவலகத்தில் எனக்கு ‘டாக்டர்’ என்றே பட்டப்பெயர். தங்கச்சி புருஷனை அங்கே சேர்த்துவிட்டதும் நான்தான். ஆறே மாதம், பட்டப்பெயர் அவருக்குப் போய்விட்டது.

நோயாளியின் எடையைக் கொடுத்தால் ஊசிமருந்தின் அளவைச் சொல்லும் மெத்தடை, அதாவது ஒரு சின்ன நிரல் துண்டை, மாப்பிள்ளை எழுதியிருந்தார். எட்டே வரி, சுத்தமான வேலை. நாங்கள் எழுதும் கணினி மொழியில் ஒரு விசேஷம் உண்டு. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு மெத்தடைத் தூக்கிவிட்டு, அதே பெயரில் இன்னொன்றை உட்கார வைக்கலாம். வைத்தேன். நாற்பது பேரில் ஒருவருக்கு மட்டும் அளவை இரட்டிக்கும். மெத்தடின் பெயரை இரண்டாக உடைத்து, ஓடும்போது ஒட்டிக்கொள்ளும்படி, தேதி அச்சிடும் என் கோப்பின் அடியில் எழுதினேன். பெயரைப் போட்டுத் தேடினால் மாப்பிள்ளையின் கோப்பு மட்டும்தான் அகப்படும்.

மருத்துவமனைகளிலிருந்து புகார்கள் வந்தன. அந்த எட்டு வரியை அவர் மூன்று வாரம் படித்தார். எனக்கோ கால் தரையில் பாவவில்லை. கண்ணாமூச்சியில் தேடுகிறவர் பக்கத்தில் வந்து திரும்பிப் போகும்போது குழந்தை வாயைப் பொத்திக்கொள்ளுமே, அப்படி இருந்தது. சாப்பாட்டு அறையில் தனியாகச் சிரித்துப் புரையேறியது. மென்பொருளை நிறுத்திவைக்கலாமா என்று மேனேஜர் கேட்டார். வேண்டாம், மாப்பிள்ளை பிடித்துவிடுவார் என்று தைரியம் சொன்னேன்.

“மச்சான், எழுதினது சரியாத்தான் இருக்கு. வர்றது தப்பா இருக்கு. எனக்குத்தான் என்னமோ ஆயிடுச்சு” என்றார் அவர். தோளைத் தட்டிக் கொடுத்தேன். மறுநாள் வேலையை விட்டுவிட்டார். தங்கச்சி என்னிடம்தான் வந்து அழுதாள்.

அவர் இடத்துக்கு வந்த பெண் கோப்புகளில் தேடவே இல்லை. ஓடுகிற நிரலிடமே, இந்த மெத்தட் எங்கே எழுதப்பட்டது என்று ஒரே வரியில் கேட்டாள். கோப்பின் பெயரும் 212 என்ற வரி எண்ணும் திரையில் வந்து நின்றன.

“சார், இது உங்க ஃபைல்” என்றாள்.

கைதட்டத் தோன்றியது. தட்டியும் விட்டேன்.

மாப்பிள்ளையும் அதைக் கேட்டிருக்கலாம். சாவு முதல் ஆளோடு நின்றிருக்கும். ஒன்பது பேர் என்கிறீர்கள்; நான் ஏழு என்று நினைத்திருந்தேன். அவர்களோடு எனக்கு என்ன பகை? ஆள் சாகும் என்று தெரிந்துதான் எழுதினேன், அதை உங்களிடம் மறைக்கவில்லை. தேடத் தெரியாதவர் கையில் உயிர்களை ஒப்படைக்கக் கூடாது என்று யாராவது காட்ட வேண்டியிருந்தது.

அந்த மென்பொருளைப் பார்த்துக்கொள்ள இனி நம்பகமான ஆள் வேண்டும், ஐயா. என்னை எத்தனை மணிக்கு விடுவீர்கள்?