பதினொரு மணி மீட்டிங்குக்குள்ள

...அந்தக் கதையெல்லாம் இங்க வேணாம்ப்பா. ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா, ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களான்னு இத எத்தன பேர்தான் கேப்பீங்க? உங்க நெட் கம்பெனியில போன் எடுக்கற பொண்ணு கேக்குது, அதுக்கு மேல இருக்கறவன் கேக்கறான், இப்ப ஏணியத் தூக்கிக்கினு வந்து நீயும் கேக்கற. அந்தப் பொண்ணு கன்னடத்துல பேசிச்சு, நானும் கன்னடத்துலயே திட்டுனேன். தெலுங்குல பேசியிருந்தா தெலுங்குல திட்டியிருப்பேன். ஓசூர்ல இருவது வருசமா ரூம் வாடகைக்கு விடறவ நான். சம்பங்கின்னா இந்த வீதியில பேரம் பேச வரவன் செருப்பக் கழட்டறதுக்கு முன்னாடி யோசிப்பான்.

சட்டையில சின்னராஜ்னுதான போட்டிருக்கு? ஒக்காரு சின்னராஜு. மணி பத்தேகால். பதினொன்னுக்கு எம்பொண்ணு ரஞ்சிதாவுக்கு மீட்டிங். பெங்களூர் கம்பெனி, வீட்ல இருந்தே வேல பாக்கறா. போன வாரம் மட்டும் மூணு தடவ பேசிக்கினு இருக்கறப்பவே லைன் அறுந்து போச்சு. தொறந்த வாயோட அவ படம் அப்படியே நின்னுடுச்சாம், பத்து பேர் பாத்துக்கினு இருக்கறான். மேனேஜர் சொல்லிட்டான், இன்னைக்கும் அறுந்துச்சுன்னா திங்கக்கெழமயிலருந்து இங்கயே வந்து ஹாஸ்டல்ல தங்கிக்கன்னு. அவ அப்பா போயி ஒம்பது வருசம். எனக்கு இருக்கறது அவ ஒருத்தி. உங்க வைஃபை வரலன்னு நான் பொண்ண அனுப்பிட்டு சொவத்தப் பாத்துக்கினு ஒக்காரணுமா?

மேல என்னத்தப் பாக்கற? ஒயர்ல ஒண்ணும் இல்ல. போன மாசம் ஒருத்தன் வந்தான், தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை கம்பத்த சாச்சிடுச்சு, அதான் லைன் வரலன்னான். தேன்கனிக்கோட்டை எங்க இருக்குது, நம்ம ஓசூர் சிப்காட் எங்க இருக்குது? அந்த யானைக்கு என் மேல அப்படி என்னப்பா கோவம்?

இன்னொண்ணு. வெள்ளிக்கெழம காலையில மட்டும் ஜோரா வருது. இதுக்கு பதில் சொல்லு. அன்னைக்கு உங்க ஆபீஸ்ல பூஜயப் போட்டுட்டு கொஞ்சம் தாராளமாத் தொறந்து விடறீங்களா?

என்ன, வைஃபை பாக்ஸா? அது பத்திரமா இருக்குது. நீங்க மாட்டுன ஹால் சொவத்துல விட்டா தங்குமா? மாடியில ஆறு ரூமு. மதுரை, திருநெல்வேலி, விருதுநகருன்னு வந்து கம்பெனியில வேல பாக்கற பசங்க. அதுல வெள்ளைச்சாமின்னு ஒருத்தன், தண்ணி வரலன்னு சொல்ல வந்தவன், பாக்ஸத் திருப்பி அடியில ஒட்டியிருந்த பாஸ்வேர்ட போட்டோ புடிச்சிக்கினு போயிட்டான். மறுநாள் மொத்த ஷிப்டும் என் வைஃபைல படம் பாக்குது. பாஸ்வேர்ட மாத்திடலாம்மான்னு ரஞ்சிதா சொன்னா. மாத்துனா மறுபடி திருப்பிப் பாக்க மாட்டானா? அதான் நானே ஒரு வேல பண்ணேன்.

வா, காட்டறேன். இரு, சாவி இடுப்புல இருக்குது... ம். பாத்தியா? பீரோல வச்சிப் பூட்டிட்டேன். பின்னாடி ஓட்ட போட்டு ஒயர உள்ள விட்டாச்சு. இது கடையில விக்கற தகர டப்பா இல்லப்பா, கிருஷ்ணகிரியில சொல்லி செஞ்சது. மெல்லிசு தகட்டக் காட்டுனான், தட்டிப் பாத்து வேணாம்னுட்டேன். ரெண்டு மணி நேரம் அங்கயே நின்னு, அதே வெலைக்கு கனத்த தகடு போட வச்சேன். உள்ள வச்சா எதுவும் வெளிய போவாது.

ஏன் அப்படிப் பாக்கற? செல்லப் பாக்கணுமா? பாக்கறேன்... நாலு கோடு. கதவ சாத்து. ஒண்ணு. தொற... நாலு. இன்னொரு தடவ சாத்து.

அட... வெள்ளிக்கெழம குத்துவெளக்கு எடுக்கத் தொறந்தேன்னா மத்தியானம் வரைக்கும் சாத்தறதில்ல.

சிரிக்காத சின்னராஜு. பீரோல வைக்காதீங்கன்னு நீங்கதான் எழுதி ஒட்டியிருக்கணும். மூணு பாஷையிலயும்.

ரஞ்சி, இங்க வாடி. லைன் சரியாப் போச்சு, நீ எங்கயும் போவ வேணாம்... என்ன? தெரியுமா? பூட்டுன அன்னைக்கேவா? எஞ்சினீரிங் படிக்க வச்சதே நான்தான, எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன? லைன் அறுந்தாத்தான் மேனேஜர் கூப்புடுவான்னு வாய மூடிக்கினு இருந்தியா? கட்டிலுக்கடியில அது என்ன பேகு... துணியெல்லாம் மடிச்சே வச்சிட்டியா?

கேட்டிருந்தா விட்டிருப்பியான்னு கேக்கறா பாரு. விட்டிருக்க மாட்டேன்டி. அது வேற விஷயம்.

அழுவாத. சரி, ஹாஸ்டல் வேணாம், தெனம் ரயில்ல போயிட்டு வா. முடியாதா? வாரத்துக்கு ரெண்டு நாள் தங்கிக்க. அஞ்சா? யார்கிட்டடி வந்து அஞ்சுங்கற? மூணு. அதுக்கு மேல ஒரு நாள் கூட... ஏம்ப்பா சின்னராஜு, நீயாவது ஞாயத்த... எங்க ஆளக் காணோம்? ஏணிய விட்டுட்டே ஓடிட்டானா?

ம்... பேரம் பேசறப்போ என்னைய மாதிரியே கண்ண இமைக்காம நிக்கற.

மணியாச்சு, மூஞ்சக் கழுவிக்கினு போய் ஒக்காரு. நாலு நாள் வரேன்னு அந்த மேனேஜர்கிட்ட நீயே சொல்லிக்க. லைன் இப்ப நல்லாத்தான் இருக்குது, தெளிவாவே கேக்கும்.