மேல் தண்ணி

இல்லண்ணே, போர் போடற வண்டியை அங்கேயே நிறுத்துங்க. உள்ள கொண்டுவர வேணாம். நான் யாரா? நிலத்துக்காரனோட அக்கா. தம்பி மோட்டார் வாங்கப் போயிருக்கான், அரை மணியில வந்துருவான். அதுக்குள்ள நீங்க கிளம்பிட்டா புண்ணியமாப் போகும்.

அட, சண்டையெல்லாம் இல்லண்ணே. இடுப்புல தூக்கி வளத்தவ நான், அவனோட எனக்கு என்ன சண்டை? முன்னூறடி போடச் சொன்னானா? சொல்லுவான். போன வருஷம் நூறடி போட்டான். ஆறு மாசம் நல்லா வந்துச்சு, அப்புறம் வாயில வைக்க முடியல. ஆழமாப் போனா நல்ல தண்ணி கிடைக்கும்னு யாரோ அவன் தலையில ஏத்திவிட்டிருக்காங்க. கடல் இங்கேருந்து கூப்பிடு தூரம். நல்ல தண்ணி லேசு, மேல நிக்கும். உப்புத் தண்ணி கனம், அடியில கெடக்கும். மேல உள்ளதை உறிஞ்ச உறிஞ்ச அது எழும்பி வருதுண்ணே.

பேப்பரா? பாத்திருக்கேன். நூத்திருபதடியில நல்ல தண்ணின்னு நிலத்தடித் தண்ணி ஆபீஸ்ல முத்திரை குத்திக் குடுத்தது. அதை நம்பித்தான் இவனும் போட்டான், பக்கத்துல இன்னும் எட்டுப் பேரும் போட்டாங்க. அந்த எலுமிச்சையைப் பாருங்க, இலையெல்லாம் ஓரம் கருகிப்போய் நிக்குது. இன்னும் குடத்துல சுமந்து ஊத்திட்டிருக்கான், கிறுக்குப் பய.

அந்தப் பேப்பருக்குத் தண்ணி எடுத்துக் குடுக்கற ஆளு நான்தாண்ணே. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால அடித் தண்ணியைச் சோதிக்க ஆபீஸ்காரங்க போட்ட அளவுக் கிணறு இருக்கு. மாசம் ஒருக்கா எடுக்கணும். கயித்துல பத்தடிக்கு ஒரு முடிச்சு, மொத்தம் பன்னெண்டு. மூடின பாட்டிலைக் கடைசி முடிச்சு வரைக்கும் விட்டு, இன்னொரு கயித்தைச் சுண்டினா மூடி திறக்கும். அடித் தண்ணி அப்பத்தான் ஏறும். ஆரம்பத்துல எல்லாம் ஒழுங்காத்தான் எடுத்தேன்.

நாலு வருஷம் முன்னாடி ஒரு நாள் தம்பியும் கூட வந்தான். அன்னைக்குக் காலையிலதான் எலுமிச்சை நட்டு முடிச்சிருந்தான், முழங்கை வரைக்கும் மண்ணு. அவன் அந்தப் பக்கம் திரும்பினப்ப நாக்குல ஒரு சொட்டு வெச்சுப் பாத்தேன். உப்புக் கரிச்சுது. என்னக்கா, நல்லாருக்கான்னு கேட்டான். அந்த மூஞ்சியைப் பாத்துட்டு எப்படிண்ணே சொல்றது? நல்லாருக்குடான்னுட்டேன். அவன் போனதும் அதைக் கொட்டிட்டு, மறுபடியும் விட்டேன். ரெண்டாவது முடிச்சுலயே கயித்தைச் சுண்டிட்டேன். அந்த மேல் தண்ணியை அடித் தண்ணின்னு ஆபீஸ்ல குடுத்துட்டேன்.

அடுத்த மாசம் சரியா எடுத்துக்கலாம்னுதான் நெனைச்சேன். எடுத்தா, போன மாசம் என்ன பண்ணினேன்னு கேப்பாங்களே. அப்படியே நாலு வருஷம் ஓடிப்போச்சு.

யாருக்கும் தெரியாதுண்ணே. உங்ககிட்டதான் மொத மொதல்ல வாயைத் திறக்கறேன். ஆபீஸ்ல போய்ச் சொல்லவா? சொல்லலாம். ஏறின உப்பை அவங்க மட்டும் எப்படி இறக்குவாங்க? எங்க ஆயுசுக்குள்ள அது இறங்காது.

அந்தா, வந்துட்டான். பைக் பின்னால மோட்டாரைக் கட்டிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே வர்றான் பாருங்க. அய்யோ, இன்னைக்கும் என்னால முடியாது போலிருக்கே. அண்ணே, நான் எதுவும் சொல்லல, நீங்க எதுவும் கேக்கல. வேலையை ஆரம்பிங்க.