தூக்கில் போட்ட தயிர்

கல்மண்டபம் ஸ்டாப்பில் காலி மீன்கூடைகளோடு ஏறிய இரண்டு பெண்கள் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். பஸ் நகர்வதற்குள் இளையவள் சொன்னாள்:

"தயிர தூக்குல போட்டுட்டேன்க்கா."

"இன்னாடி சொல்ற?" என்றாள் மூத்தவள்.

"மாப்ள கப்பல்ல சமையல் வேல பாக்குறாரில்ல, கிரீஸ் நாட்டு தயிர்ப் பச்சடி நம்ம வூட்ல வராதுன்னுட்டாரு. நம்ம தயிரு தண்ணியா ஓடுமாம்."

"அதுக்கு?"

"வெள்ள வேட்டில தயிர மூட்ட கட்டி கொடியில தொங்கவுட்டேன். சொட்டு தண்ணி நிக்கல. வெள்ளரிக்காவ துருவி, உப்பு போட்டு, துணி புழியறாப்ல புழிஞ்சேன். பூண்டு நசுக்கி கலக்கினேன்."

"துன்னாரா?"

"வறுத்த வஞ்சிரத்த வுட்டுட்டு கிண்ணத்த வழிச்சிகினு கீறாரு. இம்மாம் கெட்டியா எப்டி வந்துச்சி அத்தேன்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

"உன் கல்யாண வேட்டியக் கேளு மாப்ளன்னேன்."