ஈரத்துணி பத்து நிமிஷம்

இரவு ஏழே முக்கால். ஊரை விட்டுப் பதினோரு கிலோமீட்டர் தள்ளி ஒரு வளைவு. விளக்கு கிடையாது, வீடு கிடையாது... இரண்டு பக்கமும் தண்ணீர் தேங்கிய பள்ளம், அதன் மேல் பூச்சிக் கூட்டம். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பனுடைய அக்கா புருஷனுக்கு நடந்தது.

பளபளா என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். கறுப்புக் கார் வைத்திருந்தார். பெற்ற பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோதுகூட நெற்றியைத் தொட்டுப் பார்க்காத ஆள், பானெட்டை மட்டும் தினமும் தடவிப் பார்ப்பார். காரில் ஏறுமுன் அக்கா செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். இதெல்லாம் ஒரு பிழைப்பு!

வண்டி கழுவும் கடையில் ஒல்லியாக ஒருவர் இருந்தார். ஈரத்துணி என்று கூப்பிடுவார்கள். முகப்பில் அப்பிய பூச்சியை அவர் தேய்க்கவே மாட்டார். நனைத்த துணியை மேலே விரித்துவிட்டுப் பத்து நிமிடம் பக்கத்திலேயே நிற்பார்.

"காஞ்ச துணியால தேய்ச்சா பெயிண்டு உரிஞ்சுடும் சார். ஊறினா தானா வரும்."

"சும்மா நிக்கிறதுக்கா உனக்குக் கூலி?" என்பார் பளபளா.

அன்று அந்த வளைவில்... ஹெட்லைட் வெளிச்சத்தில் ஒருவர். சைக்கிள் கீழே கிடக்கிறது. ஒரு கை நெஞ்சில். இன்னொரு கை, வண்டியை நிறுத்தச் சொல்லி மேலே. ஈரத்துணி!

பளபளாவுக்கு அடையாளம் நன்றாகவே தெரிந்தது. சட்டையெல்லாம் வியர்வை, காலெல்லாம் சேறு... சீட் என்னத்துக்கு ஆகும்? கண்ணாடியைக்கூட இறக்காமல் வேகத்தைக் கூட்டினார். பட்... பட்பட்... பூச்சிகள் முகப்பில் சிதறின. அதற்குத்தான் ஐயாவுக்கு மனசு வலித்தது.

மறுநாள் கடையில் சொன்னார்கள். "விடியக்காலையிலதான் பாத்திருக்காங்க சார். ராத்திரி பூரா ரோட்டோரமா கிடந்திருக்காரு. யாராவது நிறுத்தியிருந்தா பொழைச்சிருப்பாராம்."

"அடடா... அப்ப இந்தப் பூச்சியை யாரு எடுக்கறது?"

இப்படிக் கேட்டவரை மனுஷன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறொருவர் எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த நாள் காலை பூட்டிய ஷெட்டைத் திறந்தால்... முகப்பு முழுக்கப் பூச்சி. சாறுகூடக் காயவில்லை. பச்சையாக ஒரு வாடை. நிற்கிற வண்டியில் பூச்சி அடிக்குமா? மீட்டரைப் பார்த்தார். இருபத்திரண்டு கிலோமீட்டர் கூடியிருந்தது. வளைவுக்குப் போய்த் திரும்பும் தூரம். சாவியோ அவர் தலையணைக்கு அடியில்.

இரண்டாம் நாளும் இருபத்திரண்டு. மூன்றாம் நாளும். தினமும் கழுவித்தான் பூட்டினார்.

"அந்த ரோட்ல என்னதாங்க நடந்துச்சு? சொல்லித் தொலைங்களேன்," என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்ல. பூச்சி."

அன்று இரவு பேட்டரியையே கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தார். பெரிய மூளை!

நாலாம் நாள் காலை ஷெட்டுக்கு ஓடினார். கார் பளிச்சென்று நின்றது. ஒரு சிறகுகூட இல்லை. வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து வாயை மூடியபோது... பல்லுக்கிடையில் ஏதோ நறுக்கென்றது.

குனிந்தார். கறுப்பு பானெட்டில் அவர் முகம் தெரிந்தது. நெற்றியிலிருந்து தாடை வரை நசுங்கிய பூச்சி... காய்ந்து இறுகி அப்பியிருந்தது. அப்போதுதான் உள்ளங்கால் எரிவது உறைத்தது. ராத்திரி பூரா ரோட்டில் ஓடிய மாதிரி இரண்டு காலும் கிழிந்து, தார் ஒட்டியிருந்தது.

கையில் அகப்பட்ட காய்ந்த துணியை எடுத்துப் பரபரவென்று தேய்த்தார். அவருக்குத்தான் யார் சொன்னாலும் ஏறாதே. தோல்... துணியோடு வந்தது.

அலறல் கேட்டு அக்கா ஓடி வந்தாள். அவர் தரையில் மல்லாந்து கிடந்தார், மூச்சு இருந்தது. முகத்தின் மேல் ஒரு துணி. சொட்டச் சொட்ட நனைத்து, சுருக்கமில்லாமல் விரித்துப் போட்டிருந்தது. அந்த ஷெட்டில் தண்ணீர்க் குழாயே கிடையாது.

தலைமாட்டில் சேற்றுக்கால் தடம் இரண்டு. வந்த தடமும் இல்லை, போன தடமும் இல்லை... ஒரே இடத்தில் ரொம்ப நேரம் நின்ற தடம்.